சொந்தக் கதையை எழுதச் சொன்னால் ஏன் எல்லாரும் ஒரே கதையை எழுதுகிறார்கள்?

கேள்வி, 6 ஜூலை 2024

அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பாடத்தை ஒருநாள் ஒதுக்கிவைத்துவிட்டு 'என் கதை' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். 28 நோட்டு வந்தது. 28-இலும் ஒரே கதை. என் பெயர் இன்னது, என் தந்தை இன்ன வேலை செய்கிறார், என் தாய் இல்லத்தரசி, நான் நன்றாகப் படித்து மருத்துவராகி ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்ப்பேன். இதில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், எனக்கே தெரியும். சொந்த அனுபவத்திலிருந்து எழுத்தைக் கற்றுத்தர வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்களே, அதெல்லாம் பேச்சுக்குத்தானா?

7 ஜூலை, இரவு

நான் பள்ளி ஆசிரியர் இல்லை. ஆனால் 1991-இலேயே இதே சுவரில் முட்டிக்கொண்டவன்.

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் தொண்டனாக இருந்தேன். 20 வயது, படிப்பு முடிந்து வேலை இல்லை. அன்னவாசல் பக்கம் ஒரு கிராமம். இரவு ஏழரைக்கு மேல் கோயில் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு 14 பெண்கள். பாதிப்பேர் குவாரியில் ஜல்லி உடைப்பவர்கள், மற்றவர்கள் களையெடுப்பு, நடவு. முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று நாட்டிலேயே முதலில் பெயர் வாங்கியது எங்கள் மாவட்டம்தான், அந்தப் பெருமை இன்னும் உண்டு.

மூன்று பாகப் பாடநூல், மொத்தம் 200 மணி நேரம். மூன்றாவது பாகம் முடியும்போது, "உங்க கதையை நாலு வரி எழுதுங்கக்கா" என்றேன். பதினோரு பேர் எழுதினார்கள். பதினொன்றிலும், "நான் படிக்காமல் இருட்டில் இருந்தேன். அறிவொளி வந்தது. இப்போது வெளிச்சம் வந்தது." உங்கள் மருத்துவர், எங்கள் வெளிச்சம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் போட்ட வீதி நாடகங்கள், பாடிய பாட்டுகள் எல்லாவற்றிலும் அந்தக் கதைதான் இருந்தது. எது பிடிக்குமோ அதையே எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவனுக்குக் காபி போட்டுக் கொடுப்பது மாதிரி.

8 ஜூலை, காலை

சைக்கிளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். புதுக்கோட்டை அறிவொளி என்றாலே சைக்கிள்தான், சரி. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதை எழுத்தறிவோடு சேர்த்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. எங்கள் 14 பேரில் ஐந்து பேர் ஓட்டினார்கள். நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியதில் ஒரு செருப்பு போனது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. "உங்க கதையைச் சொல்லுங்க" என்றபோது வெளிச்சத்தைப் பற்றிப் பேசியவர்கள், சைக்கிளில் விழுந்ததைப் பற்றி ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசினார்கள். அதை எழுதச் சொல்லும் புத்தி எனக்கு வரவில்லை. அது 'கதை' என்று எனக்கே தோன்றவில்லை.

8 ஜூலை, இரவு

பெயரைப் பற்றி எழுத வேண்டும், அதை விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம். அவரவர் பெயரை எழுதக் கற்றுக்கொடுப்பது என்று திட்டம். 'கைநாட்டு' என்பது வசவாகப் புழங்கிய காலம். கூட்டுறவுக் கடன் வாங்கப் போனால் மை தடவிய விரலைத் துடைக்க இடமில்லாமல் சேலையிலேயே துடைத்துக்கொண்டு வருவார்கள். அதனால் கையெழுத்துப் போடுவதுதான் முதல் வெற்றி என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் 14 பெயர்களை அட்டையில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

ஜல்லி உடைக்கிற ஓர் அக்கா அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "என் பேரு கெடக்கட்டும் தம்பி. வீட்டுக்காரரு பேரை எழுதிக் காட்டு."

"என்ன பேருக்கா?"

எல்லாரும் சிரிக்கிறார்கள், பதில் வரவில்லை. புருசன் பெயரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பது ஊர்ப் பழக்கம். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் எடுத்துச் சொல்வார். கடைசியில், "பழனியில நிக்கிறாரே, அவரு" என்று சாடையாகச் சொன்னார். பழனியில் நிற்பவருக்கு எத்தனை பெயர்! முருகனா, வேலனா, ஆறுமுகமா, தண்டபாணியா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஐந்தாவதோ ஆறாவதோ சரியாக அமைந்தது. அதை எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் வேறு எதையும் தொடவில்லை. சிலேட்டு, திண்ணை, குவாரிக் கல், எங்கும் அந்தப் பெயர்தான்.

"தப்பில்லையாக்கா?" என்று கேட்டேன்.

"வாயால சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லிருக்காங்க. கையால எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

தன் பெயரில் அவருக்கு ஏன் ஆர்வம் இல்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் பிடிபட்டது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், பிறந்த வீட்டில் கூப்பிட்டது ஒரு பெயர், புகுந்த ஊரில் 'பெரியவன் ஆத்தா'. அட்டையில் நான் எழுதியது ரேஷன் கார்டுப் பெயர். அந்தப் பெயரால் அவரை யாருமே கூப்பிட்டதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியின் பெயரை எழுதக் கற்றுக்கொள் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

10 ஜூலை

திருத்தம். முதல் மாவட்டம் எர்ணாகுளம், 1990 பிப்ரவரி. புதுக்கோட்டை அதற்குப் பிறகு, 1992. சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி. ஊர்ப் பாசத்தில் எழுதிவிட்டேன். இதைத்தான் சொந்தக் கதையை நம்பாதே என்பது!

கேரளம் என்றதும் ஞாபகம் வருகிறது. 1991 ஏப்ரல் 18-இல் கோழிக்கோட்டில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்று மேடையில் அறிவித்தது முதலமைச்சர் இல்லை, சேலக்கோடன் ஆயிஷா என்ற புதிதாக எழுத்துக் கற்ற பெண்மணி. அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு எங்கள் ஊரிலும் இப்படி ஒரு பெண்ணை மேடையேற்ற வேண்டும் என்று நாங்கள் குதித்தோம். ஏற்றவும் செய்தோம். ஆனால் என்ன பேச வேண்டும் என்பதை முதல்நாள் இரவே எழுதிக் கொடுத்துவிட்டோம். 'வெளிச்சம்' எத்தனை முறை வந்தது என்று எண்ணினால் எனக்கே வெட்கம்.

11 ஜூலை

"நீங்கள் பாவ்லோ ப்ரெய்ரேவை அரைகுறையாகப் புரிந்துகொண்டதன் விளைவு இது" என்று எழுதியவருக்கு: முழுசாகப் புரிந்துகொண்டிருந்தாலும் எங்களுக்கு நேரம் இருந்திருக்காது.

பிரேசில் கல்வியாளர் ப்ரெய்ரே 1963-இல் தன் நாட்டின் அங்கிகோஸ் ஊரில் 300 தொழிலாளர்களை எடுத்துக்கொண்டு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்க வைத்தார் என்பது தெரியும். முதலில் ஊருக்குள் போய் மக்கள் வாயில் புழங்குகிற சொற்களைச் சேகரிப்பது, அதிலிருந்து பொறுக்கியெடுத்த சொற்களை வைத்து எழுத்து. செங்கல்லைக் குறிக்கும் 'திஜோலோ' என்ற சொல் அந்த முறைக்கே அடையாளமாகிவிட்டது. அடுத்த வருடம் ராணுவம் ஆட்சிக்கு வந்தது, அவரைச் சிறையில் போட்டது, அப்புறம் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று.

எங்களுக்குச் சொற்கள் அச்சிட்ட புத்தகத்தில் தயாராக வந்தன. நல்ல புத்தகம்தான், குறை சொல்ல மாட்டேன். அ, ஆ என்று 247-ஐயும் ஒப்பிக்க வைக்காமல் நேராகச் சொல்லில் தொடங்கியது. 'பட்டா' அதில் ஒரு சொல். நிலத்துக்குப் பட்டா, உரிமை, விவாதம் செய்யுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நானும் "பட்டான்னா என்னக்கா?" என்று கேட்டு நிறுத்தினேன். "இருக்குறவுககிட்ட கேளு தம்பி" என்று பதில் வந்தது. விவாதம் அதோடு முடிந்தது.

அவர்களைக் கேட்டிருந்தால் முதல் சொல் எதுவாக இருந்திருக்கும்? 'வட்டி' என்று நினைக்கிறேன். அதிலும் 'ட்' இருக்கிறது.

13 ஜூலை, இரவு

ஆசிரியர் நண்பரே, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன் என்று வந்துவிட்டு நான் என் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். இதை 30 வருடமாகப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், எப்போதும் கைதட்டல் வரும்.

காலை டவுன் பஸ் எங்கள் ஊரில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை மனு கொடுப்பது என்று வகுப்பில் முடிவு. புருசன் பெயரை எழுதிய அதே அக்கா எழுதினார். "பஸ்சு நிக்காம போவுது. நாங்க நடந்து போறோம். நேரங்கழிச்சுப் போனா மேஸ்திரி பாதிக் கூலிதான் தாராரு." மூன்றே வரி.

நான் என்ன செய்தேன்? அனுப்புநர், பெறுநர், ஐயா, வணக்கம் எல்லாம் போட்டு, "பேருந்து எங்கள் ஊரில் நிற்காமல் செல்வதால் நாங்கள் மிகுந்த சிரமத்திற்கு உள்ளாகி வருகிறோம் என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டு வருகிறோம்" என்று மாற்றினேன். மேஸ்திரியும் பாதிக் கூலியும் காணாமல் போய்விட்டார்கள். அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு, "இது யாரு எழுதுனது?" என்று கேட்டார்.

இங்கேதான் கைதட்டல் வரும். படித்தவனின் தமிழ் பாட்டாளியின் குரலை விழுங்கிவிட்டது என்று நான் தலைகுனிந்து சொல்ல, கேட்பவர்களுக்கும் ஒரு திருப்தி.

14 ஜூலை

ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் நோட்டில் "அப்பா ராத்திரி லேட்டா வரும்" என்று எழுதியதை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து "வருவார்" என்று எழுதிவிட்டாராம். மகள் "அப்பாவ எதுக்குமா 'வருவார்'னு சொல்லணும், தலைமை ஆசிரியர் மாதிரி" என்று கேட்டாளாம்.

கெட்டிக்காரப் பெண். எங்கள் பக்கம் உட்படப் பல ஊர்களில் அம்மா வருது, அப்பா வந்துச்சு என்றால் அது பிரியம். அவமரியாதையே இல்லை. 'வருவார்' என்று திருத்தியதும் வீட்டு அப்பா போய் ரேஷன் கார்டு அப்பா வந்துவிடுகிறார். இரண்டும் தெரிய வேண்டும்தான். அடிக்காமல் பக்கத்தில் எழுதிக் காட்டியிருக்கலாம்.

17 ஜூலை, நள்ளிரவு

13-ஆம் தேதி எழுதியதை இப்போது திரும்பப் படிக்கவே கூச்சமாக இருக்கிறது.

அந்த நாளில் என்னோடு பக்கத்து ஊரில் தொண்டராக இருந்தவர் இந்த இழையைப் படித்துவிட்டுப் போன் செய்தார். மனு எழுதிய அன்று அவரும் திண்ணையில் இருந்தார். "ஏப்பா, எத்தனை வருசமா இதை இப்படிச் சொல்லிக்கிட்டிருக்கே?" என்று ஆரம்பித்தார்.

அவர் சொல்வது இது. மூன்று வரியை அந்த அக்கா எழுதியது உண்மை. அதைப் பார்த்ததும் நான்தான் உருகிப்போய், "இதுதான்க்கா அசல் தமிழ், அப்படியே குடுப்போம்" என்று பிடிவாதம் பிடித்தேனாம். அந்த அக்கா ஒத்துக்கொள்ளவில்லையாம். "ஆபீசுத் தமிழ்ல எழுதிக் குடு தம்பி. நம்ம பேச்சுல எழுதுனா மனுவக் குப்பையில போடுவான்" என்று அவரே கேட்டிருக்கிறார். பாதிக் கூலியை எடுக்கச் சொன்னதும் அவர்தானாம். மனு சுற்றிச் சுற்றி மேஸ்திரி காதுக்குப் போனால் மறுநாள் வேலை இருக்காது. "யாரு எழுதுனது" என்று கேட்டது கோபத்தில் இல்லை, அவ்வளவு நீள வாக்கியம் தன் பெயருக்கு மேலே இருப்பதைப் பார்த்த சந்தோசத்தில்.

எனக்கு அப்படி ஞாபகமே இல்லை. அவர் ஞாபகம் சரியா என்னுடையது சரியா, தெரியாது. ஆனால் அவர் சொன்னதில் அந்த அக்காவுக்கு விவரம் தெரிந்திருக்கிறது. நான் சொன்னதில் அவர் பாவம், நான் பாவி. மேடைக்கு என்னுடையதுதான் எடுபடும்.

பஸ் அப்புறம் நிற்க ஆரம்பித்தது. அந்த மனுவாலா, தேர்தல் வந்ததாலா என்று கேட்காதீர்கள்.

18 ஜூலை

நேற்றைய குறிப்பை நீக்கச் சொல்லி ஒருவர் தனிச்செய்தி. "முதல் வடிவம்தான் வகுப்பில் சொல்ல உதவியாக இருக்கிறது" என்கிறார். இல்லை, இரண்டும் இருக்கட்டும்.

19 ஜூலை

இழையைத் தொடங்கிய ஆசிரியர் திரும்ப வந்து எழுதியிருப்பது மகிழ்ச்சி. 'என் கதை'யை விட்டுவிட்டு, "வீட்டில் உங்களை யார் யார் என்னவென்று கூப்பிடுவார்கள், யார் எப்போது அப்படிக் கூப்பிடுவார்கள்" என்று பட்டியல் போடச் சொன்னாராம். 28 நோட்டும் 28 மாதிரி. ஒரு பையனுக்கு ஏழு பெயர். ஒரு பெண் மட்டும், "அம்மா இருக்கும்போது பாப்பா. இப்ப பேர் சொல்லித்தான்" என்று எழுதி நிறுத்தியிருக்கிறாள்.

இதைப் படித்ததிலிருந்து கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது, சார். கதவைத் தட்டினோம், திறந்துவிட்டார்கள். உள்ளே போவதா வேண்டாமா? அந்தப் பக்கத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள், சத்தமாகப் படிக்கவும் வைக்காதீர்கள் என்பது மட்டும் தோன்றுகிறது. 28 பேரும் மருத்துவர் ஆவேன் என்று எழுதியதில் ஒரு தற்காப்பும் இருந்திருக்கும். வாத்தியார் கேட்டுவிட்டார் என்பதற்காக வீட்டுக் கதையை ஒரு பிள்ளை ஏன் சொல்ல வேண்டும்? எழுத்துப் படிக்க வந்ததற்கு அதுதான் ஃபீஸா?

என் வகுப்பில் ஒருவர் கடைசிவரை நாலு வரி எழுதவே இல்லை. சோம்பேறி என்று நினைத்தேன். அவர் மூன்று பாகத்தையும் என்னைவிட வேகமாகப் படித்தவர்.

20 ஜூலை

நடுவில் ஒரு சிரிப்பு. வயது வரம்பைத் தாண்டிய ஒரு தாத்தா தினமும் திண்ணை ஓரத்தில் வந்து உட்காருவார். சின்ன வயதில் இரண்டாம் வகுப்புவரை படித்தவர். ஒருநாள் சிலேட்டை வாங்கித் துதிக்கை வைத்த பழைய 'லை'யில் 'மலை' என்று எழுதிக் காட்டினார். யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி அவ்வளவு அழகு. நான், "தாத்தா, அது 1978-லயே மாத்தியாச்சு, பெரியார் எழுத்துன்னு அரசாணை போட்டாங்க, இப்ப இப்படித்தான்" என்று கொம்பு போட்டுக் காட்டினேன்.

"எனக்குத் தெரிஞ்சதே நாப்பது அம்பது எழுத்து. அதுலயும் ஒன்னப் புடுங்கிட்டியா?" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வந்தார். ஆனால் எனக்கு அப்புறம் 'தம்பி' இல்லை, 'அரசாணை'தான்.

பார்த்தீர்களா, எனக்கும் பட்டியலில் ஒரு பெயர்.

24 ஜூலை, இரவு

பேசிவிட்டேன். அந்த அக்காவின் பேரன் திருச்சியில் வேலை பார்க்கிறான், நண்பர் மூலம் நம்பர் கிடைத்தது, ஊருக்குப் போயிருந்த அன்று அவனே போனைக் கொடுத்தான். குரல் அப்படியே இருக்கிறது. என் பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. ஊரைச் சொன்னேன், அறிவொளி என்றேன். "ஆங், அரிக்கேன் தம்பியா!" என்றார். எனக்கு இப்படி ஒரு பெயர் இருந்ததே இன்றுதான் தெரியும்.

நேராக மனுவைப் பற்றிக் கேட்டேன். எந்த மனு என்றார். பஸ், மேஸ்திரி, பாதிக் கூலி எல்லாம் சொன்னேன். "இருக்கும் தம்பி. எத்தனையோ மனு. மகளிர் குழு வந்ததுக்கப்புறம் நானே நூறு மனு எழுதிருப்பேன்." அவ்வளவுதான். 30 வருடமாக நான் தூக்கிக்கொண்டு அலைந்த சம்பவம் அவருக்கு நூறில் ஒன்று. என் வடிவமும் இல்லை, நண்பர் வடிவமும் இல்லை.

வீட்டுக்காரர் பெயரை எழுதியதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறதாம். "இப்பவும் வாயில வராது. நோட்டுல இருக்கு."

என்ன நோட்டு என்றேன். கணக்கு நோட்டு. அறிவொளி முடிந்த வருடத்திலிருந்து விடாமல் எழுதுகிறாராம். சீட்டு, கைமாத்து, வட்டி, யார் எப்போது கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை. 'என் கதை' என்று நான் கேட்டபோது நாலு வரியில் வெளிச்சம் எழுதிக் கொடுத்தவர், அதற்குப் பிறகு ஒன்பது நோட்டு எழுதியிருக்கிறார். ரேஷன் கார்டுப் பெயர் ஒருவருக்கும் கிடையாதாம். கிணத்தடி, ரெட்டைச்சுழி, மஞ்சப்பை என்று அவர் வைத்த பெயர்கள்தான். வேறு யாரும் எடுத்துப் பார்த்தால் புரியக் கூடாது என்பது ஏற்பாடு.

படித்துக் காட்ட முடியுமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஊரான் கடன், ஒன்கிட்ட எதுக்குச் சொல்லணும்" என்று மறுத்துவிட்டார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "ஒன்னோடத வேணா சொல்றேன்" என்று பேரனிடம் முதல் நோட்டை எடுத்துவரச் சொன்னார். தாள் புரட்டும் சத்தம் கேட்டது. எழுத்தைக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தார்.

"அரிக்கேன் தம்பி. பஸ்சுக்கு. நாப்பது ரூபா. தரல."

1993-இல் வேலைக்கான நேர்காணலுக்குத் திருச்சி போக வாங்கியிருக்கிறேன். சுத்தமாக மறந்துபோயிற்று. ஜிபே-யில் அனுப்பட்டுமா என்றேன், நேரில் கொண்டுவந்து கொடுத்தால்தான் நோட்டில் அந்த வரியை அடிப்பாராம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன். வட்டி எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை.